கொலுசு கறுத்தது கல்லால்தான், நெல்லால் அல்ல

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், எங்கள் வீட்டுச் சமையலறைப் பரணின் இடது மூலையில் இருக்கும் பழைய வடகம் டப்பா இன்று காலை முதல் என் முழுப் பொறுப்பில் வந்துவிட்டது. என்னைக் கேட்காமல் யாரும் அதைத் திறக்கக் கூடாது. திறந்தவர்கள் உடனே மூட வேண்டும். மூடும்போது 'டொப்' என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராத மூடல் மூடலே அல்ல. இதைத் தமுக்கடித்து உத்திரமேரூர் முழுக்கச் சொல்ல எனக்கு ஆசைதான். தமுக்கு கிடைக்காததால் அம்மாவின் எவர்சில்வர் தாம்பாளத்தைத் தட்டினேன். இரண்டாவது தட்டிலேயே பறித்துக்கொண்டாள். அதனால் எழுத்தில் அறிவிக்கிறேன்.

அன்புள்ள மகனே, நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே பதினேழு வயதுதான். உன் அம்மா யார் என்று எனக்குத் தெரியாது, தனக்கு இப்படி ஒரு ஆபத்து காத்திருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. (நீ மகளாகப் பிறந்தால் 'மகனே' என்று வருகிற இடத்தில் எல்லாம் 'மகளே' என்று படித்துக்கொள். கல்லுக்கு அந்த வித்தியாசம் கிடையாது.) நீ வளர்ந்து, மீசை முளைத்து, என்னையே எதிர்த்துப் பேசுகிற வயதில் படிக்க வேண்டிய கடிதத்தை நான் இப்போதே எழுதக் காரணம் இருக்கிறது. அப்பாக்கள் வயதான பிறகு எழுதினால் நடந்ததை எல்லாம் மாற்றி எழுதிவிடுவார்கள். என் அப்பாவே அதற்குச் சாட்சி. பங்குனியில் நடந்ததை வைகாசிக்குள் தலைகீழாக மாற்றிவிட்டார். போன வாரம் என் அக்காவின், அதாவது உன் அத்தையின், கல்யாணம். பந்தியில் ஒவ்வொரு வரிசையாகப் போய், "இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்குங்க" என்று கேட்ட கையோடு அந்தக் கதையைப் பரிமாறிக்கொண்டே வந்தார். "பச்ச நெல்லு ஆவிங்க. அதான் கொலுச கறுக்க வெச்சிடுச்சி. நான் டப்பாவத் தொறந்த வுடனே கண்டுபுட்சேன்." கேட்டவர்கள் எல்லாம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தலையாட்டினார்கள். நான் சாம்பார் வாளியோடு பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்குச் சத்தியம் செய்திருந்தேன். உனக்குச் சத்தியம் எதுவும் செய்யவில்லை அல்லவா, அதனால் சொல்கிறேன். கொலுசைக் கறுக்க வைத்தது நெல் அல்ல. என் கல். என்னுடைய பைரைட் கல். அந்தக் கல்லால் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அந்தப் பெருமையை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பைரைட் என்றால் இரும்பும் கந்தகமும் சேர்ந்து விளைந்த கல். பார்த்தால் தங்கம். ஓட்டுத் துண்டில் உரசினால் கறுப்புக் கோடு. முட்டாள் தங்கம் என்று இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தங்கம் என்று நம்பியவன் முட்டாளாக இருக்கலாம், கல் என்ன பாவம் செய்தது? நம் ஊரைச் சுற்றிக் குவாரிகள் இருப்பதால், ரோடு போடக் கொட்டும் ஜல்லிக் குவியலில் பொறுமையாகத் தேடினால் மஞ்சள் புள்ளி போட்ட கல் எப்போதாவது கிடைக்கும். செங்கல் சூளைக்கு வரும் நிலக்கரியில் சில கட்டிகளை உடைத்தால், நடுவில் ஜரிகை இழை ஓடியது போல மஞ்சளாக மின்னும். என் வகுப்புப் பையன்கள் கிரிக்கெட் மட்டைக்குப் பிடிவாதம் பிடித்த காலத்தில் நான் சூளையில் கரி உடைத்துக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் கரியோடு வீடு திரும்பும்போது அம்மா, "ஏன்டா, ரயிலு ஓட்டிட்டு வர்றியா?" என்பாள். ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறைய சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. ஏரிக்கரைச் சிறுபாலத்துக்குக் கொட்டிய ஜல்லியில் கிடைத்தது. எலுமிச்சை அளவு வெள்ளை வெங்கச்சங்கல். அதன் ஒரு பக்கத்தில் சூடக் கட்டி போலச் சதுரம் சதுரமாக, பளபளவென்று பைரைட். யாரும் செதுக்கவில்லை, தானாகவே அப்படி விளைந்திருந்தது. அதற்கு ராஜா என்று பெயர் வைத்தேன். ராஜா கையில் இருக்கும்போது மனிதனுக்குத் தலைக்கனம் ஏறுவது இயற்கை. எனக்கு ஏறியது. போன புரட்டாசியில் ஒரு மாலை, பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தையிடம் போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

"அத்த, யார்கிட்டயும் சொல்லாத. பாலத்துக்குக் கொட்டின ஜல்லியில தங்கம் கீது."

"போடா, இன்னாத்தையோ ஒளறிக்கினு."

"நான் ஒளறுவேன். கல்லு ஒளறுமா?" என்று ராஜாவைக் காட்டினேன்.

அத்தை கல்லைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மறுபடி கல்லைப் பார்த்தாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா. நீயும் சொல்லாத" என்றாள். விளக்கு வைப்பதற்குள் எங்கள் தெருவே முறமும் சல்லடையுமாக ஜல்லிக் குவியலில் நின்றது. ஒருவருக்கொருவர், "சும்மா காத்து வாங்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே சலித்தார்கள். ஜல்லி திருடுகிறார்கள் என்று ரோடு வேலைக்காரர் கத்திக்கொண்டு ஓடி வந்தபோதுதான் என் தங்கக் கதை உடைந்தது. அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் முறத்தோடு நின்றாள் என்பதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் கோபத்துக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ராஜாவைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மறுநாள் கேட்டபோது, "ஏரில போட்டுட்டேன். வோணும்னா போய் மீனுகிட்ட கேளு" என்றாள். நான் கரையில் போய் நின்று வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தேன். ஏரி பெரிய ஏரி, மகனே. கல் சின்னக் கல்.

இங்கே உனக்குக் கல்லின் குணத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தங்கம் சும்மா கிடக்கும். பைரைட் சும்மா கிடக்காது. காற்றில் ஈரம் ஏறினால் அதற்குள் இருக்கும் கந்தகம் அமிலமாகக் கசிய ஆரம்பிக்கும். முதலில் மினுக்கம் மங்கும். அப்புறம் சுவரில் உப்புப் பூப்பது போல வெள்ளையாகவும் இளமஞ்சளாகவும் பொடி கட்டும். தீக்குச்சி அணைந்ததும் மூக்கில் ஏறுமே, அது போன்ற நெடி வரும். பிறகு கல் தானே வெடித்து உதிரும். உதிர்வதோடு விடாமல் வைத்திருக்கும் அட்டைப் பெட்டியைத் தின்னும், ஒட்டிய பெயர்க் காகிதத்தைத் தின்னும், பக்கத்துக் கல்லுக்கும் தொற்ற வைக்கும். எல்லாம் ஒரே வேகத்தில் கெடாது. ராஜாவைப் போலச் சதுரம் சதுரமாக விளைந்தது நீண்ட நாள் தாங்கும். நிலக்கரியில் இழையாக ஓடியது ஒரு மழைக்குள் படுத்துவிடும். என் டப்பாவில் ராஜாவைத் தவிர இருந்ததில் முக்கால்வாசி சூளைக்கரி.

ஐப்பசி மழை பிடித்தது. கட்டிலுக்கடியில் இருந்த டப்பாவில் கற்கள் ஒவ்வொன்றாக வெளுக்கத் தொடங்கின. நான் சும்மா இருந்தேனா? அதுதான் இல்லை. தண்ணீரில் கழுவினேன், மறுநாள் இன்னும் அதிகமாகப் பூத்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன், எறும்பு வந்தது. அக்காவின் நகப்பூச்சை எடுத்து ஒவ்வொரு கல்லுக்கும் பூசினேன். கொஞ்ச நாளில் பூச்சு கொப்பளித்து உரிந்தது, உள்ளே இருந்த ஈரம் உள்ளேயே வேலை செய்தது. அக்கா குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "கல்லுக்கெல்லாம் கல்யாணமா? எனக்கு ஒரு சொட்டு கூட வெக்கலியே பேமானி" என்றாள். நீ இதில் எதையும் செய்யாதே. கழுவாதே, தடவாதே, பூசாதே. வியர்த்த கையால் தொடாதே. உலகத்தில் அன்பு காட்டக் கூடாத ஒரே பொருள் இதுதான்.

மார்கழி முழுக்க வீட்டில் அந்த நெடி. "வூடா இது, வெடி கம்பெனியா?" என்று அம்மா தினம் கேட்டாள். போகிக்குப் பழையதை எல்லாம் எடுத்துப் போடும்போது என் டப்பாவும் போக வேண்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். ராஜாவை ஏரிக்குக் கொடுத்தவன், குடிமக்களைக் குப்பைக்குக் கொடுப்பேனா? எந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது? போகிக்கு முதல் நாள், வீட்டிலேயே யாரும் அடிக்கடி திறக்காத, மழைச் சாரல் படாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்தேன். அம்மாவின் பீரோ. பட்டுப் புடவைத் தட்டில், புடவைகளுக்குப் பின்னால் டப்பாவைத் தள்ளிவிடலாம். ஆனால் ஈரத்துக்கு என்ன செய்வது? போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாரும் அரிசிக்குள் புதைக்கிறார்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சும். அரிசிக்கே அப்பன் நெல். மகன் இவ்வளவு உறிஞ்சினால் அப்பன் எவ்வளவு உறிஞ்சுவான்? இந்த அறிவு எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தாலும் மலைப்பாக இருக்கிறது. அன்று காலையில்தான் அறுப்பு இயந்திரம் எங்கள் வயலில் சம்பாவை அறுத்துக் களத்தில் கொட்டியிருந்தது. குவியலில் இரண்டு கை அள்ளினேன், கற்களைப் புதைத்தேன், மூடினேன், ஓரத்தில் டேப் ஒட்டினேன், பீரோவுக்குள் வைத்தேன். போகித் தீயில் அம்மா தேடியபோது, "நானே போட்டுட்டேம்மா" என்று கண்ணைக் கசக்கினேன். புகை உதவி செய்தது.

தை கடைசியில் அக்காவுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை வீடு வாலாஜாபாத். மாப்பிள்ளையின் அப்பா அரிசி மில்லில் மேஸ்திரி. அம்மா வீட்டோடு இருப்பவர், ஆனால் மில்லே அவர் சொல்படிதான் ஓடுகிறது என்பது போலப் பேசுவார். தட்டில் வைத்து ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசும் வெள்ளிக் குங்குமச் சிமிழும் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று போட்டுக்கொள்ளலாம் என்று அம்மா அவற்றை ஒரு துணியில் சுற்றிப் பத்திரமாக எங்கே வைத்தாள்? நீ என் மகன், உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நான் அப்போது அறையிலேயே இல்லை.

பங்குனியில் ரவிக்கை தைக்கக் கொடுப்பதற்காக அக்கா பீரோவைத் திறந்தாள். துணியைப் பிரித்தாள். கொலுசு அடுப்பிலிருந்து எடுத்தது போலக் கன்னங்கரேல் என்று இருந்தது. சிமிழும் அப்படியே. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா கொலுசை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு மாசத்துல வெள்ளி இப்பிடி கறுக்குமா? மேல பூச்சு, உள்ள பித்தள. ஏமாத்திட்டானுங்கடி."

உடனே போன் போட்டார். அப்பா போனில் பேசினால் வாலாஜாபாத்துக்குப் போனே தேவையில்லை, நேராகவே கேட்கும். "என் பொண்ணு இன்னா வாசல்ல கெடந்தாளா, பூச்சு போட்ட கொலுசு மாட்டி இட்டுக்கினு போவ?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பக்கம் மேஸ்திரி என்ன சொன்னாரோ, அப்பாவின் காது மடல் சிவந்தது. "அப்போ வேற எடம் பாத்துக்குங்க" என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொல்லிப் போனை வைத்தார்கள். அச்சடித்து வந்த பத்திரிகைக் கட்டு பிரிக்காமல் மேசை மேல் கிடந்தது.

அக்கா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தினமும் சாயங்காலம் மாடிக்குப் போய் மாப்பிள்ளையோடு சிரித்துப் பேசுகிறவள் அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா சமாதானம் போல ஏதோ சொல்ல வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளி கறுத்தா தேச்சிக்கலாம்பா. நீ பேசினத எத வெச்சி தேய்க்கிறது?"

பீரோ திறந்தபோதே அந்துருண்டை வாசனையையும் மீறி எனக்கு மட்டும் நெடி தெரிந்துவிட்டது, மகனே. அணைந்த தீக்குச்சி. அது என் கற்களின் குரல். நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. டப்பா போய்விடுமே என்று ஒரு பயம், முதுகுத் தோல் போய்விடுமே என்று இன்னொரு பயம். சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்? ஜல்லியில் தங்கம் என்று தெருவையே சலிக்க வைத்தவன், இப்போது கல்லால் வெள்ளி கறுத்தது என்றால், அக்கா கல்யாணத்திலும் விளையாடுகிறான் என்றுதான் சொல்வார்கள். ஊரை ஏமாற்றிச் சிரித்துவிட்டு, நிஜத்தைச் சொல்ல வேண்டிய நாளில் நம்ப ஆளில்லாமல் நின்றேன். நீ குறும்பு செய்யாதே என்று நான் சொல்ல மாட்டேன், என் ரத்தம், கேட்கவும் மாட்டாய். வீட்டில் ஒருவர் மட்டும் உன்னை எப்போதும் நம்புகிற மாதிரி வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் செய்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் நேரிலேயே வந்துவிட்டார்கள். பேசித் தீர்க்க வரவில்லை, கொடுத்ததைத் திருப்பி வாங்க வந்தார்கள். அந்த அம்மா செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே அது தெரிந்தது.

"இன்னா சம்மந்தி, நாங்க பித்தள குடுத்துட்டமாமே? எங்க, அந்தப் பித்தளய கண்ணுல காட்டுங்க."

"நீங்களே பாருங்க" என்று அப்பா கொலுசை நீட்டினார்.

"குடுக்கும்போது பால் மாதிரி வெள்ளையா இருந்துச்சி. உங்க வூட்டுக்கு வந்து கறுத்தா அதுக்கு நாங்க இன்னா பண்றது? வூட்டுல இன்னா கீதோ?"

"எங்க வூட்டுல இன்னா கீது?" என்று அப்பா எழுந்தார்.

"கல்லு கீது" என்றேன் நான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாலாஜாபாத் அம்மா கண்ணைச் சுருக்கினார். "ஜல்லியில தங்கம்னு சொன்ன புள்ள இதானே?" என் புகழ் ஷேர் ஆட்டோவில் ஏறி அங்கேயும் போயிருந்தது. அப்பா, "டேய், உள்ள போடா" என்று கையை ஓங்கினார். நான் உள்ளேதான் போனேன். பீரோவைத் திறந்து, புடவைகளுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துவந்து நடுக்கூடத்தில் வைத்தேன். அம்மா, "போகில போட்டேன்னு சொன்னியேடா" என்று தொடங்கி, மூச்சு விடக் கூட நிற்காமல் திட்டினாள். அதற்கு நடுவில் டேப்பை உரித்தேன்.

திறந்ததும் இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அது. உள்ளே நெல் பச்சையாகவும் கறுப்பாகவும் பூசணம் பிடித்துக் கட்டியாகியிருந்தது. என் கற்கள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து கிடந்தன. பெயர்ச் சீட்டு ஒன்று கூட இல்லை. டப்பாவின் அடித்தகரத்தில் ஓட்டை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுல இரும்பும் கந்தகமும் கீது. ஈரம் பட்டா..." என்று ஆரம்பித்தேன். அப்பா என்னைக் கேட்கவே இல்லை. குனிந்து டப்பாவுக்குள் கையை விட்டார். ஒரு கட்டி நெல்லை எடுத்து விரலால் நசுக்கினார். முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

"எவன்டா பச்ச நெல்ல டப்பால அடைச்சவன்?"

"ஈரத்த உறிஞ்சும்னு..."

"நெல்லு உறிஞ்சுமா? கொழுப்பெடுத்தவனே, களத்துல காயாத நெல்ல மூட்ட கட்டினாலே சூடேறி அவிஞ்சிடும். மூடி போட்டு, டேப்பு வேற ஒட்டி வெச்சிகிற. அவியாம இன்னா பண்ணும்?"

வாலாஜாபாத் மேஸ்திரி எட்டிப் பார்த்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். "அட, ஆமாங்க. எங்க மில்லுல நெல்லு ஊறப்போடற தொட்டி நாத்தம் இதே மாதிரிதான்" என்றார். அந்த அம்மாவின் கோபம் சட்டென்று வேறு பக்கம் திரும்பியது. "அதாங்க! தொட்டி ஓரமா குடியிருந்தப்ப என் கால் மெட்டி மாசத்துக்கு ஒரு தபா கறுத்துப்போவும். நான் சொன்னா நீங்க நம்பினீங்களா?" என்று கணவரைப் பிடித்துக்கொண்டார். நெல் அவிந்த ஆவிதான் வெள்ளியைக் கறுக்க வைத்தது என்று ஒரு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. எங்கள் அப்பாவும் அந்த மேஸ்திரியும் கோபத்தை மறந்து, எவ்வளவு காய்ந்தால் நெல் மூட்டைக்குத் தாங்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "நெல்லு இல்ல! கல்லு! கந்தகம்!" என்று கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"டேய், நெல்லாவே இருக்கட்டும்டா."

"ஆனா அது நெஜம் இல்லக்கா."

"நெல்லுன்னா ரெண்டு வூடும் ஒத்துக்கும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச விசயம். கல்லுன்னா எல்லாரும் உன்ன நம்பணும். அது இப்போ ஆவற கதையா? எனக்கு அவர் வோணும்டா. வாய மூடிக்கினு இரு. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். என் வாழ்க்கையில் குறும்புக்காக நான் சொன்ன எல்லாப் பொய்களையும் விட, அந்தச் சத்தியத்துக்காகச் சும்மா இருந்ததுதான் கஷ்டம். ஆனால் கையைச் சும்மா வைத்திருக்கச் சொல்லி அவள் கேட்கவில்லையே. பிரியாணிப் பொட்டலத்தில் வந்த அலுமினியத் தாளை ஒரு பாத்திரத்தில் விரித்து, கொதிக்கும் நீரை ஊற்றி, சமையல் சோடாவைப் போட்டு, கொலுசையும் சிமிழையும் அந்தத் தாளைத் தொடும்படி உள்ளே இறக்கினேன். கூடத்திலிருந்து எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது, அது வெள்ளியை விட்டுப் போகிற கந்தகம். நிச்சயத்தன்று இருந்தது போலக் கொலுசு வெள்ளையாக வெளியே வந்தது. வாலாஜாபாத் அம்மா அதைத் துடைத்து, குனிந்து அக்காவின் காலில் தானே மாட்டினார். "சோடா போட்டா நெல்லு கற போவும்போல" என்றார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்பா போனில் பேசியதற்கு மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கிளம்பும்போது காய்ந்த நெல்லில் ஒரு மூட்டையை மாப்பிள்ளை வீட்டு வண்டியில் ஏற்றிவிட்டார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அது.

கல்யாணம் நடந்தது. அக்கா கொலுசு சத்தத்தோடு மணவறையை மூன்று முறை சுற்றினாள். ஒவ்வொரு சுற்றிலும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். பந்தியில் அப்பா நெல்லுப் புராணம் பாடினார். நான் சாம்பார் ஊற்றினேன். ஊர் அவரைத்தான் நம்பும், நம்பட்டும். நீ என்னை நம்பு. நான் சும்மா சொல்லவில்லை, சோதனையும் செய்தேன். சின்ன வயதில் எனக்குக் கட்டிய வெள்ளி அரைஞாணைத் துண்டாக்கி, மிச்சமிருந்த சீக்குக் கல்லோடு நெல்லே இல்லாமல் ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்தேன். கறுத்தது. கல்லால்தான். நெல்லை மட்டும் போட்டு வைத்துப் பார்த்தாயா என்று நீ கேட்பாய். கேட்காதே.

ஆகவே என் சொத்தை உனக்கு எழுதிவைக்கிறேன். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, 'சாப்பிடாதே' என்று எழுதிய சின்னப் பொட்டலம், அதைச் சேர்த்து வை. அதுதான் ஈரத்தை நிஜமாகவே உறிஞ்சும். காற்றுப் புகாமல் மூடி வை. அடிக்கடி திறந்து முகர்ந்து பார், சீக்குக் கல்லைத் தனியாக வை. வெள்ளிக்குப் பக்கத்தில் வைக்காதே, புடவைக்குப் பக்கத்தில் வைக்காதே, உன் அத்தை கல்யாணத்துக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதே. யாராவது இதைக் குப்பை என்றால், ஆமாம் என்று சொல்லிவிட்டு எடுத்து ஒளித்து வை. இந்த விதிகளின்படி ஒரு முழு மழைக்காலத்தையும் தாண்டி, ஒரு பொட்டுப் பொடி கட்டாமல், சதுரம் சதுரமாகப் பளபளக்கும் ஒரு கல்லை உன் அப்பன் காப்பாற்றி வைத்திருக்கிறான். அது வடகம் டப்பாவில் இருக்கிறது. பேர் ராஜா.

என்னடா, ராஜாவை ஏரியில் போட்டார்களே என்று கேட்கிறாயா? அங்கேதான் ஒரு சின்ன விஷயம். இன்று அக்காவும் மாமாவும் மறுவீட்டுக்கு வருகிறார்கள். காலையில் வடகம் பொரிக்க அம்மா பரணிலிருந்து பழைய டப்பாவை இறக்கினாள். கையை விட்டவள் அவசரமாக மூடியைத் தேடினாள். நான் எட்டிப் பார்த்தேன். மொறமொறப்பான வடகங்களுக்கு நடுவில், ஒரு மாசு இல்லாமல், ராஜா.

"ஏரில போட்டேன்னு சொன்னியேம்மா?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போடலாம்னுதான் போனேன்." ஒரு வடகத்தை எண்ணெயில் போட்டாள். "ஒருவேள நெஜமாவே தங்கமா இருந்துட்டா இன்னா பண்றதுன்னு..."

ஆகவே மகனே, மேலே எழுதியதில் ஒரு வரியைத் திருத்திக்கொள். ராஜாவைக் காப்பாற்றியது நான் இல்லை, என் விதிகளும் இல்லை. வடகம் நமத்துப்போகக் கூடாது என்று அம்மா இறுக்கி மூடிய ஒரு மூடி. என் முறைப்படி நான் காப்பாற்றிய கற்கள் எத்தனை என்று கேட்டால், ஒன்று கூட இல்லை. அந்த அரைஞாண் விஷயமும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு துண்டைப் பச்சை நெல்லோடு மட்டும் வைத்துப் பார்த்தேன். அதுவும் கறுத்தது. கொஞ்சம்தான். அப்பாவிடம் சொல்லிவிடாதே, இன்னொரு பந்தி போட்டுவிடுவார்.

கல்லைப் பார்த்தாகிவிட்டதா? மூடு. 'டொப்' கேட்கவில்லையே. இன்னொரு தரம் மூடு.